திருவல்லிக்கேணி மெஸ்: வருஷக்கணக்கில் சாப்பிட்டவன் சொல்வது

ஒரே ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுவிட்டு மெஸ்ஸுக்கு நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. பசியோடு போன முதல் நாள் எந்தக் கடை ரசமும் தேவாமிர்தமாகத்தான் இருக்கும். மெஸ் சமையல் தினமும் வந்து சாப்பிடுகிறவனை மனதில் வைத்துச் செய்வது. சலிக்கிறதா, மூன்று மணிக்கு ஆபீஸ் நாற்காலியில் கண் சொருகுகிறதா, ராத்திரி நெஞ்சு கரிக்கிறதா என்பதெல்லாம் வருஷக்கணக்கில் சாப்பிட்டால்தான் தெரியும். 2017இலிருந்து, நடுவில் கொரோனா காலம் போக, வேலை நாட்களில் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஒரே மெஸ்ஸில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் குறையும் சொல்லியிருக்கிறேன். நாளைக்கும் அங்கேதான் போய் உட்கார வேண்டும். பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது, சைவம் மட்டும், அவ்வளவு போதும். அண்ணா சாலை ஆபீஸிலிருந்து வாலாஜா சாலை வழியே நடந்தால் கால் மணி நேரம். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கிற நாட்களில் மட்டும் அந்த வழி ஆகாது.

இந்தப் பேட்டையில் இத்தனை மெஸ் இருப்பதற்குக் காரணம் மேன்ஷன்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில், பொதுக் குளியலறை, அடுப்பு வைக்க அனுமதி கிடையாது. வேலை தேடி வந்தவர்கள், கம்பெனி மருந்து விற்கிறவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் என்று தங்குகிற எல்லோரும் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட்டாக வேண்டும். கையில் காசு குறைவு. வயிறு கெட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டு சமைக்கிற கடைதான் இங்கே நிலைக்கும். அதனால் எண்ணெய் மிதக்காது, காரம் மட்டு, பட்டை லவங்க வாசம் வாரத்தில் ஒரு நாள் வந்தால் அதிகம். முதல் தடவை கூட்டிக்கொண்டு போன நண்பர்கள் "என்னடா, சப்புன்னு இருக்கு" என்றிருக்கிறார்கள். இருக்கும்தான்.

முதலில் கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு வகை. அளவுச் சாப்பாட்டில் சாதத்தைக் கிண்ணத்தில் அமுக்கி இலையில் கவிழ்ப்பார்கள். மறுபடி சாதம் வேண்டுமென்றால் தனிக் காசு, குழம்பும் ரசமும் கேட்கிற வரைக்கும். என் வயதுக்கு இதுவே தாராளம். டோக்கன் கையில் இருந்தால் இடம் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். யார் மோருக்கு வந்துவிட்டார், யார் இன்னும் சாம்பாரிலேயே இருக்கிறார் என்று நோட்டம் விட்டு நிற்கும் இடத்தைப் பிடிப்பது தனிக் கலை. மோர் சாதத்துக்கு வந்த பிறகு போன் பேச ஆரம்பிக்கிறவர் பின்னால் மாட்டிக்கொண்டால் போச்சு. முதுகுப் பக்கம் ஆள் நின்றால் சாதம் இறங்காது என்பவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே ஒரே பக்கம் பார்த்த குறுகலான கருங்கல் மேஜைகள். நுனி இடப்பக்கம் வரும்படி இலை விழும். தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்வதற்குள் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் வரிசையாக வந்துவிடும். கரும்பலகையில் அன்றைய காயைச் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள், ஆனால் பழகியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. செவ்வாய் என்றால் மோர்க்குழம்பு, வியாழன் வத்தக்குழம்பு, வெள்ளி பாயசம். அமாவாசையன்று வெங்காயம், பூண்டு இல்லாமல் வாழைக்காய்ப் பொரியல். இந்தச் சுற்று மாறியதே இல்லை. சலிக்காதா என்று கேட்பார்கள். எனக்குச் சலித்தது ஓட்டல்களின் பதினைந்து வகைத் தட்டுதான்.

ரசத்துக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். பரிமாறுகிற அண்ணன் வாளியோடு வரும்போதே "தெளிவா, கலக்கியா?" என்பார். தெளிவு என்றால் கரண்டியை மேலோட்டமாக மொண்டு ஊற்றுவார். மிளகுத் தூளும் கொத்தமல்லித் தழையும் மிதக்கிற மேல் தண்ணீர், உள்ளங்கையில் ஏந்திக் குடிக்க. கலக்கி என்றால் கரண்டி அடிவரை போய் ஒரு சுற்றுச் சுற்றி வரும். பருப்பும் பொடியும் வண்டலோடு ஏறி வரும், சாதத்தில் பிசைய அதுதான் சரி. நான் முதலில் கலக்கி, அப்புறம் கையில் தெளிவு. அவருக்கு இது மனப்பாடம். என்னைக் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

ரசம் நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் மணம் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு இறங்கின ரசம் அப்படி இருக்கும். ஒன்றரைக்கு மேல் திரும்பத் திரும்பச் சூடு காட்டியதில் சுண்டி, உப்புக் கரித்து, பெருங்காயம் இருந்த இடமே தெரியாது. சாம்பார் கதை நேர்மாறு. கூட்டம் ஏற ஏற வெந்நீர் சேர்ந்து நீண்டுகொண்டே போகும். பன்னிரண்டரைக்குப் போகிறவரும் இரண்டு மணிக்குப் போகிறவரும் ஒரே காசுக்கு இரண்டு வேறு சாப்பாடு சாப்பிடுகிறார்கள். இணையத்தில் இந்த மாதிரிக் கடைகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கோயம்பேட்டில் என்ன மலிவு என்பது இலையிலேயே தெரிந்துவிடும். வெயில் காலத்தில் முருங்கைக்காய் சாம்பார் அடிக்கடி வரும், பக்கத்தில் மாவடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலை ஏறினால் பூசணியும் முள்ளங்கியும் மாறி மாறி வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த மாதம் இங்கே எலுமிச்சை ரசமும் மிளகு ரசமுமாக ஓட்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சொல்லப்போனால் அந்த எலுமிச்சை ரசத்தை அப்புறமும் தொடர்ந்திருக்கலாம்.

புரட்டாசியில் மட்டும் நிலைமை வேறு. கவிச்சி சாப்பிடாமல் விரதம் இருக்கிற அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் வந்து சேர, பார்த்தசாரதி கோயிலுக்கு வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கே பொரியல் தீர்ந்து அப்பளத்தை இரண்டாகக் கொடுத்துச் சமாளிப்பார்கள். அந்த மாதம் சனிக்கிழமை வேலை இருந்தால் நான் வீட்டிலிருந்து தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவேன்.

விலை: நான் போக ஆரம்பித்தபோது அளவுச் சாப்பாடு 50 ரூபாய், இப்போது 100. ஏற்றும்போதெல்லாம் பத்து ரூபாய். கல்லாவுக்கு மேலே ஒரு வாரம் முன்னாலேயே தாள் ஒட்டிவிடுவார்கள். சிலிண்டர், வாழை இலை, சம்பளம் எல்லாம் ஏறியிருக்கிறது, முகூர்த்த நாட்களில் இலை விலை எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. ஆகவே விலையில் எனக்குப் புகார் இல்லை.

புகார்கள் வேறு. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தபோது, பாத்திரம் கொண்டுவந்தால்தான் பார்சல் என்றார்கள். தூக்கும் டிபன் கேரியருமாக வரிசை நின்றது. பார்க்கவே நன்றாக இருந்தது. அப்புறம் நூல் சுற்றிய கவர் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன், சிரித்தார்கள். பார்சல் வாங்குவதானால் தூக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அதில் சாதம் கூடுதலாகவே வைப்பார்கள், இரண்டு பேருக்குக் காணும்.

மோர், மோர்தான் என்று நம்பிக்கையின் பேரில் குடிக்க வேண்டும். கெட்டித் தயிர் வேண்டுமென்றால் தனியாக ஒரு கப் வாங்கிவிடுங்கள். பருப்புக்கு விடுகிற நெய் கரண்டியின் முனையில் தொட்ட அளவு. கை கழுவும் இடத்தில் இரண்டே குழாய், அதில் ஒன்று எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

2020இல் மேன்ஷன்கள் காலியானபோது கடையும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. திறந்தபோது பழைய ஆட்களில் சிலர் ஊரோடு தங்கிவிட்டார்கள். இப்போது பரிமாறுகிறவர்களில் பாதி வடமாநிலப் பையன்கள். முதல் வாரம் வத்தக்குழம்பு கேட்டால் சாம்பார் விழுந்தது. ஆனால் "தெளிவா, கலக்கியா?" மட்டும் சீக்கிரமே அவர்கள் வாயிலும் ஏறிவிட்டது, கொஞ்சம் ராகத்தோடு.

முன்பெல்லாம் பெண்கள் அரிதாகத்தான் வருவார்கள். சில வருஷமாகச் சுற்றுப்பட்ட ஆபீஸ்களிலிருந்து நாலைந்து பேராகச் சேர்ந்து வருகிறார்கள், அவர்கள் ஒன்றாக உட்காருவதற்காகச் சுவரோர மேஜையை விட்டுக்கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. சின்னக் குழந்தைகளோடு மட்டும் வேண்டாம். அந்த வரிசையில் நிற்கவைக்க முடியாது. ஞாயிறு விடுமுறை. ஊரிலிருந்து யாராவது வந்து திருவல்லிக்கேணிச் சாப்பாடு என்று ஆசைப்பட்டால் நான் இங்கே கூட்டி வருவதில்லை. 1948இலிருந்து இருக்கிற ரத்னா கேஃபில் இட்லி முங்க முங்க சாம்பார் ஊற்றச் சொல்லி அனுப்பிவிடுவேன்.