பாண்டியில் ‘சொல்தா வீட்டு பீஸ்’ என்று மல்டி டூல் விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து மல்டி டூல் வாங்கப் பாண்டிக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் கடையில் ‘லெதர்மேன்’ என்று சொல்லி எனக்கு விற்றது சுத்தமான டூப்ளிகேட். 3,800 ரூபாய். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்ன கதையை அப்படியே சொல்கிறேன். உங்களிடமும் அதே கதையைத்தான் சொல்வார்.

நாங்கள் சில பேர் விடுமுறைக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலை, செஞ்சிப் பக்கம் போய் டென்ட் போடுகிறவர்கள். டூல் பாக்ஸையே தூக்கிக்கொண்டு போக முடியாது. பிளேயர், கத்தி, சின்ன ரம்பம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரே கருவியில் மடங்கி பாக்கெட்டில் உட்கார்ந்தால் சௌகரியம். ஊரிலும் அது உதவும். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் என்று பார்த்தவர்களுக்கு, கரன்ட் போய் மரம் விழுந்து கிடக்கிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிளேயர் இருப்பதன் அருமை தெரியும்.

இந்தக் கருவிக்கு உயிரே பிளேயர்தான். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். வழியெல்லாம் காரும் தங்கிய இடத்துக் குழாய்களும் படுத்திய பாட்டில், கையிலிருந்த பேனாக்கத்தியோடு ஒரு பிளேயரும் சேர்ந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தார். அது கடைக்கு வர 1983 ஆகிவிட்டது. இன்றைக்கு அவர்கள் விற்பதில் பேர்போனது வேவ் பிளஸ். 18 வேலை செய்யும், 241 கிராம் எடை, 25 வருட வாரண்டி. அமெரிக்காவிலேயே 100 டாலருக்கு மேல். எனக்கு வந்தது இதைப் பார்த்துச் செய்த காப்பி. அசல் கம்பெனிக்கும் இந்தக் கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, 100 டாலருக்கு மேல் விலையுள்ள பொருள் பாண்டியில் எப்படி 3,800-க்குக் கிடைக்கும்? நானும் அதைத்தான் கேட்டேன்.

“சொல்தா வீட்டு பீஸ் தம்பி. பிரான்ஸ் மிலிட்டரில இருந்தவரு, லீவுக்கு வரும்போது கொண்டு வந்தாரு. அவசரத்துக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு.”

வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டியில் சொல்தா என்பார்கள். அந்த வீடுகளுக்குப் பிரான்ஸிலிருந்து சாமான் வருவது ஊரறிந்த விஷயம். அதனால் இந்தக் கதை இந்த ஊரில் சுலபமாக எடுபடுகிறது. ஆனால் என் நண்பர் ஒருவர் கொஞ்ச நாள் கழித்து அதே கடைக்குப் போனபோது, அதே சொல்தா, அதே அவசரம், அதே ‘ஒரே ஒரு பீஸ்’. மேசைக்குக் கீழே அட்டைப் பெட்டி திறந்து கிடந்ததாம். உள்ளே வரிசையாக அதே டப்பாக்கள்.

அடுத்த கதை டேக்ஸ். “பாண்டில டேக்ஸ் கம்மி தம்பி, அதான் இந்த ரேட்டு.” 2017 ஜூலை 1-க்கு முன்னால் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அப்போது யூனியன் பிரதேசத்தில் பல பொருட்களுக்கு வரி குறைவு, கடலூர்க்காரர்கள் சாமான் வாங்க எல்லை தாண்டியதும் அதனால்தான். ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கினாலும் பாண்டி மிஷன் வீதியில் வாங்கினாலும் ஒரே வரி. வரியில் இன்றைக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும் பெட்ரோல், டீசல், சரக்கு இவற்றில்தான் பார்க்க முடியும். பிளேயருக்கும் கத்திக்கும் பாண்டி விலை என்று ஒன்று கிடையாது.

மூன்றாவது, காந்த வித்தை. கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்துப் பிளேயர் மூக்கில் வைத்தார். ஒட்டவில்லை. கைப்பிடியிலும் ஒட்டவில்லை. “பாத்தீங்களா, ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ். துருவே புடிக்காது.” எவர்சில்வர் பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல பாத்திரம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் பிடித்தது அந்த நாடியைத்தான். கத்திக்கும் பிளேயருக்கும் கணக்கு வேறு. கூர் நிற்க வேண்டுமென்றால் எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அப்படிக் கெட்டிப்படக்கூடிய ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் நன்றாக ஒட்டும். லெதர்மேன் வேவில் இருக்கும் 420HC என்ற ரக எஃகிலும் ஒட்டும். பிளேயர் மூக்கில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது வேலைக்கான எஃகே இல்லை என்று அர்த்தம். வெட்டும் அலகில் மட்டும் அவர் காந்தத்தை வைக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அலகில் ஒட்டும். வீட்டில் வைத்துப் பார்த்தேன்.

இந்தக் கருவியை நம்பித்தான் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறும் பாதையில் பைக் பின்சக்கரத்தில் ஆணி. டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட் இருக்கிறது. ஆணியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் திரியைச் செருகினால் முடிந்தது. புது பிளேயரை எடுத்து ஆணித் தலையைக் கவ்விப் பிடித்து லேசாகத் திருப்பினேன். ஓங்கி இழுக்கக்கூட இல்லை. டக்கென்று ஒரு சத்தம். பிளேயர் மூக்கில் ஒரு பக்கம் பாதியோடு போய் ரோட்டில் விழுந்தது. ஆணி அசையவில்லை.

விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிட்டது. முறிந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், ரவை அப்பியது போலச் சொரசொரவென்று இருந்தது. நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு காற்றுப் பொத்தல்கள். வெளியே மின்னிய பளபளப்பு வெறும் முலாம், ஓரத்தில் நகம் பட்டதும் செதிலாக உரிந்தது. இது எஃகு இல்லை, துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தது. பொம்மைக் கார், ஜிப்பின் இழுவை, மலிவான குழாய்க் கைப்பிடி எல்லாம் செய்வது இதில்தான். துத்தநாகம் 420 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் வார்ப்பதற்குச் செலவு குறைவு. எடையும் கையில் கனமாகவே தெரியும், அதனால் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காந்தம் மட்டும் ஒட்டாது.

கீழே வந்த டிராக்டர்காரர் ஒருவர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த தபாரியா பிளேயரை எடுத்துக் கொடுத்தார். ஒரே இழுப்பில் ஆணி வந்துவிட்டது. “இதெல்லாம் எதுக்கு தம்பி பாக்கெட்ல வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பழைய போர்டு. “மலைக்கெல்லாம் ஏன் தம்பி எடுத்துட்டுப் போனீங்க, இது லைட் டூட்டி” என்றார். வாங்கும்போது பிரெஞ்சு மிலிட்டரி, உடைந்த பிறகு லைட் டூட்டி. பில் கேட்டேன். முன்பே கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. ‘டூல் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. கியூஆர் ஸ்கேன் செய்து பணம் போட்டபோது வந்த பெயரும் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர்.

அந்த போர்டைப் பார்த்து யாரும் பயந்து திரும்ப வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பில் கொடுக்காதது நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே வகைதான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. அசல் என்று பொய் சொல்லிப் போலியை விற்பது அதற்கும் மேல், வர்த்தகச் சின்னச் சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகும். நம்மவர்கள் பலருக்கு இருக்கும் சந்தேகம், கடை பாண்டியில், நான் தமிழ்நாட்டில், வழக்குக்கு அங்கே அலைய வேண்டுமா என்பது. வேண்டாம். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், அதாவது கடலூரிலேயே. பொருள் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினால் அவர்கள் புகாரைப் பதிந்து எண் தருவார்கள். நான் அங்கேதான் தொடங்கினேன். பில் இல்லாவிட்டாலும் யூபிஐ ரசீது கைகொடுக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்கள் முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும், சட்டப்படி கட்டாயம். என் டப்பாவில் ஒன்றுமே இல்லை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஆங்கில வார்த்தையில்கூட ஒரு எழுத்தைக் காணோம். அப்புறம் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நுனி சேர்ந்து நிற்க வேண்டும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றால் வைத்துவிடுங்கள். ஒரு துண்டு தங்கூசி (மீன் பிடிக்கிற நைலான் நரம்பு) கையோடு கொண்டுபோய் வெட்டிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் மீனவர்கள் யாரைக் கேட்டாலும் கொடுப்பார்கள். நசுங்கினால் ஆகாது, துண்டாக வேண்டும். கத்தியை விரித்து லாக் விழுந்ததும், கூர்ப் பக்கத்துக்கு எதிரே விரலே வராதபடி பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள். லாக் வழுக்கி மடங்கினால் அது ஒருநாள் விரலை எடுத்துவிடும். இதையெல்லாம் செய்து பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

துருவை வைத்து மட்டும் அசலா போலியா என்று முடிவு கட்டாதீர்கள். நம் பக்கம் கடற்காற்று. அதில் உள்ள உப்பு, ஸ்டெயின்லெஸ் எஃகின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையே அரித்துவிடும். அசல் கருவியிலும் பழுப்புப் புள்ளி வரும். பீச்சுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆக பிசுபிசுப்பாகிவிடும்.

எதை வாங்குவது என்று கேட்டால், பைக்கில் சுற்றாதவர்களுக்குப் பிளேயர் வைத்த மல்டி டூல் தேவையே இல்லை என்பது என் கட்சி. விக்டரினாக்ஸ் ஹண்ட்ஸ்மேன் மாதிரி ஒரு பேனாக்கத்தி 100 கிராமுக்கும் குறைவு. அதில் இருக்கும் ரம்பமும் கத்திரியும் கேம்பிங்கில் நிஜமாகவே உழைக்கும். ஆனால் அதன் கத்திக்கு லாக் கிடையாது, குத்தித் திருகுகிற வேலைக்கு எடுக்கக் கூடாது. பிளேயர் வேண்டும், பட்ஜெட்டும் இல்லை என்றால் கான்ஸோ, ராக்ஸன் மாதிரி சீனக் கம்பெனிகள் சொந்தப் பெயரிலேயே விற்கின்றன. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அல்லது அந்த டிராக்டர்காரர் மாதிரி ஒரு தபாரியாவை வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன்.

1915 எண்ணில் புகாரைப் பதிந்த பிறகு கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. “எதுக்கு தம்பி இதெல்லாம், நேர்ல வாங்க, ரெண்டாயிரம் வாங்கிக்கங்க” என்றார். 3,800-ம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதே கணக்கிலிருந்து திரும்பி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வரவில்லை என்றால் கடலூர் ஆணையத்தில் போட மனு தயாராக இருக்கிறது. அதே சந்தில் ‘சொல்தா’ கதை கேட்டு இதே பொருளை வாங்கியவர்கள் இருந்தால், உடைந்த துண்டு, டப்பா, எஸ்டிமேட் சீட்டு, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.