குளிரா, மாத்திரையா? பழுப்புக் கொழுப்பை முடுக்கும் இரண்டு வழிகள்

வெள்ளைக் கொழுப்பு கலோரியைச் சேர்த்து வைக்கும், பழுப்புக் கொழுப்பு அதை எரித்துத் தீர்க்கும். செல்லின் எரிபொருளான ஏடிபி தயாரிக்கப் போக வேண்டிய ஆற்றலை, அதன் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் நிலையங்களில்) உள்ள யுசிபி1 என்ற புரதம் வெறும் வெப்பமாக மாற்றிவிடுகிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்குவது மாதிரி. பெரியவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் இது வேலை செய்கிறது என்பது 2009-ல், சர்க்கரை எரியும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன்கள் மூலம் உறுதியானது. சரி, அதை முடுக்குவது எப்படி?

முதல் வழி குளிர். ஜப்பானில் தினமும் 2 மணி நேரம் 17 டிகிரி அறையில் 6 வாரம் இருந்தவர்களுக்கு உடல் கொழுப்பு கொஞ்சம் குறைந்தது. நெதர்லாந்து ஆய்வு இன்னும் சுவாரசியம். டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 8 பேர் 10 நாள் 14–15 டிகிரி குளிரைத் தாங்கினார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் சுமார் 43% கூடியது. ஆனால் ரத்தச் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொண்டது தசைதான். பழுப்புக் கொழுப்பின் பங்கு சிறியது. பேரைத் தட்டிக்கொண்டு போவது என்னவோ அதுதான்!

இரண்டாவது, மிராபெக்ரான். அடக்க முடியாமல் சிறுநீர் வருபவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை, பழுப்புக் கொழுப்பையும் தூண்டும். வழக்கமான அளவு 25 அல்லது 50 மில்லிகிராம். அமெரிக்காவில் 12 இளைஞர்களுக்கு ஒரே வேளையாக 200 மில்லிகிராம் கொடுத்தபோது, ஓய்வில் எரியும் ஆற்றல் நாளுக்கு 203 கலோரி என்ற கணக்கில் உயர்ந்தது. கூடவே நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. அப்புறம் 14 பெண்கள் 100 மில்லிகிராம் வீதம் 4 வாரம் எடுத்தார்கள். நல்ல கொழுப்பான எச்டிஎல் கூடியது, இன்சுலின் திறன் மேம்பட்டது, எடை மட்டும் அசையவில்லை.

(1930-களில் டிஎன்பி என்ற ரசாயனம் எல்லாச் செல்களிலும் இதேபோல ஆற்றலை வெப்பமாகக் கசியவிட்டு எடையைக் குறைத்தது, உடல் வெந்து ஆட்கள் இறந்தார்கள். அது போட்டியிலேயே இல்லை.)

எடை குறைய வேண்டும் என்று வருபவருக்கு இரண்டையும் நான் சொல்ல மாட்டேன். சர்க்கரையைப் பார்த்தால் குளிர்தான் முந்துகிறது, அதுவும் தசையின் தயவில். இதய நோயாளிகளுக்கு அதிலும் ஆபத்து உண்டு, குளிரும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். நமக்கு இன்னொரு சிக்கல்: நெதர்லாந்தின் லைடன் நகரில் 2014-ல் ஒப்பிட்டபோது, தெற்காசிய வம்சாவளி இளைஞர்களுக்கு ஐரோப்பியர்களைவிடப் பழுப்புக் கொழுப்பு குறைவாகவே இருந்தது. சென்னையில் ஏசியை 17-ல் வைத்து உட்காருபவர், கரண்ட் பில்லோடு இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.