பூண்டா, கடுகா? நொதிச் செய்முறை வகுப்புக்கு எது பொருத்தம்

இளநிலை உயிர்வேதியியல் மாணவர்களின் செய்முறைக்குப் பூண்டின் அல்லினேஸ் என்ற நொதியைக் கைவிட்டுக் கடுகின் மைரோசினேஸ் என்ற நொதியைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களை இங்கே பதிவுசெய்கிறேன். இரண்டு தாவரங்களிலும் நொதி ஓரிடத்திலும் அது உடைக்கும் சேர்மம் வேறிடத்திலும் பிரிந்திருக்க, பூச்சி கடித்தாலோ நசுக்கினாலோ அவை கலந்து காரமான கந்தகச் சேர்மம் உருவாகிறது.

அல்லினேஸ் வைட்டமின் பி6-இன் செயல்வடிவத்தைத் துணைக்கொண்டு அல்லீனை உடைக்கிறது. காரம் தரும் அல்லிசினுடன் வெளிவரும் பைருவேட்டை நிறமானியில் அளக்கலாம். ஆனால் பூண்டுப் பல்லை நசுக்கிய ஒரு நிமிடத்துக்குள் அல்லீனின் பெரும்பகுதி தீர்ந்துவிடுவதால், முதல் அளவை எடுப்பதற்குள் வினை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தூய அல்லீனை வாங்கிச் சேர்ப்பது சாதாரணக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். பூண்டுச் சாற்றை அன்றன்றைக்கே எடுத்தாக வேண்டும். கடுகோ மூடிய புட்டியில் பருவம் முழுவதும் உலர்ந்து கிடந்தாலும், நொதியும் அது உடைக்கும் சேர்மமான சினிக்ரினும் ஒன்றையொன்று தொடாமல் விதைக்குள்ளேயே காத்திருக்கின்றன. அரைத்துத் தண்ணீர் ஊற்றும் கணத்தில்தான் வினை தொடங்குகிறது என்பதால், தொடக்க நேரம் மாணவரின் கையில் இருக்கிறது. சினிக்ரின் உடையும்போது வெளிவரும் குளுக்கோஸை இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கான வினைப்பொருளைக் கொண்டே அளந்துவிடலாம்.

ஒரு குழாயில் கடுகுத்தூளை வெதுவெதுப்பான நீரிலும் இன்னொன்றில் கொதிநீரிலும் கரைத்தால், முதலாவதில் சில நிமிடங்களில் நெடி மூக்கில் ஏறும். இரண்டாவதில் கசப்பு மட்டுமே இருக்கும். அதை ஆறவைத்து கொதிநீர் படாத கடுகுத்தூளை ஒரு சிட்டிகை சேர்த்தால் நெடி எழுகிறது. செத்தது நொதி மட்டுமே, சினிக்ரின் அப்படியே இருக்கிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்கிறார். தாளிப்பில் வெடித்த கடுகுக்கு நெடி இல்லாததும், ஆவக்காயில் சேரும் பச்சைக் கடுகுத்தூளுக்கு அது இருப்பதும் இதனால்தான்.

கடுகிலும் குறை உண்டு. எண்ணெய் சாற்றைக் கலங்கச் செய்வதால் பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானால் முன்பே அதை நீக்க வேண்டும்; விதையில் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்காகக் கொதிக்கவைத்த குழாயின் அளவைக் கழிக்க வேண்டும். மைரோசினேஸைத் தூண்டும் வைட்டமின் சி, குளுக்கோஸ் பரிசோதனையின் நிறத்தைக் குறைத்துவிடுவதால், அதைச் சேர்க்கும் வகுப்பில் தனிக் கட்டுப்பாட்டுக் குழாய் தேவை. தூய்மைப்படுத்திய அல்லினேஸுடன் நான் பணியாற்றியதில்லை. அந்த வசதியுள்ள ஆய்வகத்துக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். கடுகைத் தேர்பவர்கள் கருங்கடுகு வகையையே வாங்க வேண்டும்: மஞ்சள் கடுகில் சினிக்ரினுக்குப் பதிலாக உள்ள சினால்பினிலிருந்து வரும் காரம் எளிதில் ஆவியாகாததால், மூக்கால் அறியும் சோதனை அதில் எடுபடாது.