லைக்கா எம்6: ஃபிலிம் ஏற்றும் விஷயத்தில் எப்படி?

லைக்காவின் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவான எம்6-இன் வ்யூஃபைண்டரையும் லென்ஸ்களையும் பற்றிப் பேச ஆட்கள் நிறைய. ஆனால் கேமரா கைக்கு வந்த முதல் நாளே தடுமாற வைப்பது ஃபிலிம் ஏற்றும் வேலைதான். அதனால் இங்கே அதை மட்டும் பார்ப்போம்.

இதற்குப் பின்கதவு கிடையாது. அடித்தட்டைக் கழற்றி, முதுகில் உள்ள சிறு மடலைத் தூக்கி, ஃபிலிமை அடிப்பக்கத்திலிருந்து உள்ளே இறக்க வேண்டும். இதே வரிசையில் 1954-இல் வந்த எம்3-இல், ஃபிலிமைச் சுருட்டும் ஸ்பூலையே வெளியே எடுத்து, ஃபிலிம் நுனியை அதில் செருகி, மறுபடி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. 1967-இல் வந்த எம்4 அந்தத் தொல்லையை ஒழித்தது: ஸ்பூலுக்குப் பதில் துலிப் பூப்போல மூன்று இதழ் கொண்ட பிடி, உள்ளேயே நிலையாக. 1984-இல் வந்த எம்6-இலும் 2022-இல் மறுபடி வெளியிட்ட எம்6-இலும் இதே ஏற்பாடுதான்.

கேசட்டை (ஃபிலிம் சுருண்டிருக்கும் சிறு டப்பா) பார்க்க முதுகில் ஜன்னல் இல்லை என்பதால், திறக்கும் முன் ரீவைண்ட் கிராங்க்கை (ஃபிலிமைக் கேசட்டுக்குள் திரும்பச் சுற்றும் கைப்பிடி) விரித்து அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் உள்ளே காலி. இறுகினால் ஃபிலிம் இருக்கிறது, அடித்தட்டில் கை வைக்காதீர்கள்.

நிழலில் நின்று கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, தட்டைக் கழற்றி, மடலைத் திறங்கள். கேசட்டை அதன் அறையில் பாதி இறக்கி, லீடரை, அதாவது வெளியே நீட்டியிருக்கும் ஃபிலிமின் தொடக்கத்தை இழுத்து, நுனியை இதழ்களுக்கு நடுவே விட்டு, இரண்டையும் சேர்த்தே கீழே அழுத்துங்கள். எவ்வளவு இழுப்பது என்பதற்கு உள்ளேயே படம் இருக்கிறது. நுனியை இதழ்கள் கவ்வினால் போதும். கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஓடும். உறைய வைக்கும் குளிரில் மட்டும் அந்த நீட்டல் ஒடிந்து உள்ளே விழலாம். லென்ஸைத் திருகிப் பொருத்தும் பழைய ஸ்க்ரூ மவுன்ட் லைக்காவுக்குச் செய்வதுபோல லீடரை நீளமாக வெட்டத் தேவையில்லை. கடையில் வாங்கும் கேசட் அப்படியே பொருந்தும்.

மூடும்போது அடித்தட்டே ஃபிலிமை உரிய ஆழத்துக்குத் தள்ளிவிடும். ஆனாலும் அதை மட்டும் நம்பாமல், மடல் திறந்திருக்கும்போதே ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக ஒரு முறை இழுத்து, ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பற்கள் ஃபிலிம் ஓட்டைக்குள் உட்கார்கின்றனவா என்று பாருங்கள். பல் ஓட்டையில் உட்காராமல் ஃபிலிம்மேல் ஏறியிருந்தால் விளிம்பு லேசாகப் புடைத்துத் தெரியும். விரல் நுனியால் அமுக்கினால் படிந்துவிடும். அப்போது விரல் ஷட்டர் திரைமேல் படக்கூடாது. அது ரப்பர் பூசிய துணி, நகம் பட்டால் போச்சு.

மடலை மூடி, அடித்தட்டைப் பூட்டியபின் வரும் சோதனையைத்தான் பலரும் தவறான வரிசையில் செய்கிறார்கள். முதலில் கிராங்க்கை அம்புக்குறிப் பக்கம் சுற்றி, லேசான இறுக்கம் தெரியும்வரை தொய்வை எடுங்கள். பிறகு லீவரை இழுங்கள். கிராங்க் எதிர்த்திசையில் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. தொய்வை எடுக்காமல் லீவரை இழுத்தால், ஃபிலிம் சரியாகவே ஓடினாலும் முதல் ஒன்றிரண்டு இழுப்புக்குக் கிராங்க் அசையாது. அதைப் பார்த்துப் பதறி அடித்தட்டைத் திறப்பவர்கள் உண்டு. எடுத்த படங்களை எண்ணும் கவுன்ட்டரை ஒருபோதும் சாட்சியாக எடுக்காதீர்கள். ஃபிலிம் பிடி நழுவி நின்ற இடத்திலேயே நின்றாலும் அது 36 வரை எண்ணிக்கொண்டே போகும். கிராங்க் மட்டும்தான் உண்மை சொல்லும்.

ரோல் பாதியில் இருக்கும்போது தட்டைத் திறந்துவிட்டால் வெளிச்சம் விளிம்பிலிருந்து உள்ளே புகும், கவுன்ட்டரும் தொடக்கத்துக்குப் போய்விடும். உடனே மூடி, இரண்டு ஃபிரேம் வீணாக்கிவிட்டுத் தொடருங்கள். ரோல் முடிந்து லீவர் இறுகும்போது இன்னொரு படத்துக்கு ஆசைப்பட்டு இழுத்தால் ஓட்டைகள் கிழியும். முன்பக்கத்தில் ‘R’ என்று குறித்த சிறு லீவரைத் திருப்பி ரீவைண்ட் செய்யுங்கள். நுனி பிடியிலிருந்து விடுபடும்போது ஒரு சின்ன இழுப்பு கையில் தெரியும், அதற்கப்புறம் கிராங்க் இலகுவாகச் சுற்றும்.

குறைகளில் பெரியது, கழற்றிய அடித்தட்டுக்கு இடமில்லாததுதான். நின்றுகொண்டு மாற்றும்போது அதற்கென்று மூன்றாவது கை வேண்டும். பலர் வாயில் கவ்விக்கொள்கிறார்கள். டிரைபாட் திருகு துளையும் அதே தட்டில் இருப்பதால், ஒவ்வொரு ரோலுக்கும் கேமராவை டிரைபாடிலிருந்து இறக்கியாக வேண்டும். ஸ்டாண்டில் வைத்தே வேலை செய்பவருக்கு இது பெரும் தலைவலி.

ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும், கேசட்மேல் அச்சிட்ட டிஎக்ஸ் குறியீட்டை எம்6 படிக்காது. மடலில் உள்ள ஐஎஸ்ஓ (ஃபிலிம் வேகம்) வட்டை ஒவ்வொரு ரோலுக்கும் நீங்களே திருப்ப வேண்டும். 400-ஐ எடுத்துவிட்டு 100 போட்டு, வட்டைத் திருப்ப மறந்தால் ஒளியை அளக்கும் மீட்டரை நம்பி எடுத்த படமெல்லாம் இரண்டு ஸ்டாப் இருட்டு, அதாவது தேவையான ஒளியில் கால் பங்குதான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்கும் கேமரா இது. ஆனால் இந்த மறதிக்கு அதனிடம் மருந்தில்லை.

அவசரமாக ரோல் மாற்றுவதே உங்கள் வேலை என்றால், பின்கதவு திறக்கும் வாய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர் போன்ற கேமராக்கள் வேகமானவை. கேனானின் கேனானெட் க்யூஎல்17 கேமராவில் ஃபிலிமைக் குறிவரை நீட்டி வைத்துக் கதவை மூடினால் போதும். நிதானமாக எடுப்பவருக்கு எம்6-இன் ஏற்பாடு குறையே இல்லை. வாங்கியதும் காலாவதியான ஒரு ரோலைப் பலியிட்டு, மடலைத் திறந்து வைத்தபடி பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.