ஃபைல் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை

சிவாஜிநகர்த் தோழி ஒருத்தி கேட்டாள்: "உன் தம்பி விஷயமா அல்சூர் பக்கம் ஒரு சென்டருக்குப் போறியே, எங்க கொழுந்தனாருக்கும் அங்க கேட்டுப் பார்க்கலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனநோய். மருத்துவமும் மாத்திரையும் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில். இந்த சென்டர் வீட்டில் இருக்கிற எங்களுக்குக் கவுன்சலிங் தருவதற்காக. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது, பெயர் வேண்டாம். வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் சொல்வார்கள். எங்களுக்கு ஒரு தடவைக்கு 200 ரூபாய். பெங்களூரில் தனியார் கவுன்சலிங் என்றால் 1,500 சர்வசாதாரணம். தமிழிலேயே பேசலாம். அழுதால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது தீர்வதாக இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை எதிரே ஒரு புது முகம். "முதல்ல இருந்து சொல்லுங்க அக்கா" என்று ஆரம்பிக்கும். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, படிக்கிற பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்கு வருவார்கள், செமஸ்டர் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பாதிப் பேர் கேரளத்துப் பிள்ளைகள், சினிமாவில் பழகிய தமிழ். அதில் எனக்குக் குறையே இல்லை, அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் மேஜை மேல் சிவப்பு நாடா கட்டிய எங்கள் ஃபைல் இருக்கிறதே! அப்பா இறந்தது, தம்பி வேலையை விட்டது, அவன் அம்மாவைத் தள்ளிவிட்ட அந்த இரவு, எல்லாம் அதில் யாரோ எழுதி வைத்ததுதான். அதைத் திறக்காமல், அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு, "வீட்ல என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்த இரவை ஒருமுறை சொல்வதற்கே எனக்கு வாய் வராது. பொறுப்பாளரிடம் சொன்னேன். "உங்க வாயால கேட்டா நல்லா புரியும்மா" என்றார். யாருக்கு நல்லது?

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். அங்கே நிரந்தரமாக இருக்கும் கேஸ் ஒர்க்கர் அக்கா ஒருவர் இருக்கிறார். தம்பிக்கு மாற்றுத்திறனாளி அட்டை, அதுதான் யுடிஐடி, வாங்கித் தந்தது அவர்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு என்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. கை கால் நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு அட்டை என்பார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாமல் பாதிப்பு என்று டாக்டர் சான்று தந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை, இந்த நான்கையும், நோய் வந்து எத்தனை வருடம் என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

சான்றுக்காக டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே அக்கா எச்சரித்தார்: "அங்க போய் மானத்துக்குப் பயந்து நல்லா இருக்கான்னு சொல்லிடாதீங்க." அம்மா என்ன செய்தாள்? தம்பிக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அழைத்து வந்தாள். டாக்டர் கேட்டதும், "நல்லாத்தான் இருக்கான் சார், கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான்" என்றாள். அக்கா பதறவில்லை. ஒரு சிறு நோட்டை எடுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிக்கிறான், யார் சொன்னால் சாப்பிடுகிறான், கடைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று கன்னடத்தில் வரிசையாகச் சொன்னார். எல்லாம் நாங்கள் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னவை. தம்பி எழுந்து வெளியே போனபோது அவரும் பின்னாலேயே போய், அவனுக்குப் பிடித்த பஸ் நம்பர்களைப் பேசியே திரும்ப உட்கார வைத்தார். இதற்குத் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. வெறும் கவுன்சலிங் தருகிற எந்த இடத்திலும் இது நடக்காது.

ராத்திரியில் அவசரம் என்றால் டெலி மானஸ் என்கிற மனநல உதவி போன் எண், 14416. 2022 அக்டோபரில் அரசு தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். அங்கே வேறு வேறு குரல் வந்தால் எனக்கு உறுத்தவில்லை. அது போன். இங்கே நேரில் போய், காசு கட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் அந்த அக்கா ஒருவருக்காகவே ஐந்து நட்சத்திரமும் போடலாம். ஆனால் போன வாரம் இன்னொரு புதுப் பெண், புது நோட்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க அக்கா." இரண்டுதான் போடுவேன். கவுன்சலிங்குக்கு இனி போவதாகவும் இல்லை.

தோழிக்கு மட்டும் ஒன்று: கொழுந்தனாருக்கு அட்டை வேண்டுமென்றால் கண்டிப்பாகப் போ. நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் போட்டு எடுத்துப் போ, கேட்கிறவர் கையில் கொடுத்துவிடு. செவ்வாய், வியாழன் வேண்டாம், பிள்ளைகள் வருவது அன்றைக்குத்தான்.