மேஜிக் கிங்டத்தில் யாரும் நிற்காத வரிசைகள்

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள் இருந்தாலும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் அழைத்துப் போவது மேஜிக் கிங்டத்துக்குத்தான். டிக்கெட் தலைக்கு நூறு டாலருக்கு மேல். பத்து வயது ஆகிவிட்டாலே பெரியவர் கணக்கு. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு மட்டும்தான் இலவசம். இவ்வளவு கொடுத்து உள்ளே போனவர்கள் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன், பீட்டர் பான் போன்ற பிரபல ரைடுகளின் வரிசையில் நின்றே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். வழியில் ஆளில்லாமல் கிடக்கும் ஏழெட்டு இடங்களை "அதில் என்ன இருக்கப்போகிறது" என்று எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள். அந்த இடங்களைப் பற்றித்தான் இந்த விமர்சனம். எல்லாமே அருமை என்று சொல்ல வரவில்லை. கூடவே, தாண்டிப் போகவேண்டிய இரண்டையும் சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டில்தான் வரிசை நீளமாக இருக்கும்.

வாசல் காலியாக இருக்கிறது என்பதற்காகச் சரக்கு மட்டம் என்று முடிவுகட்டுவது தப்புக் கணக்கு. இருக்கைகளை எண்ணிப் பாருங்கள். பூங்காவின் டுமாரோலேண்ட் பகுதி நடுவில் உயரத்தில் சுற்றும் ஆஸ்ட்ரோ ஆர்பிட்டரில் 12 ராக்கெட்டுகள், ஒன்றில் இரண்டு பேர், ஆக ஒரு சுற்றுக்கு 24 பேர். ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்கிவிட நாலு நிமிடம் என்று வைத்தால்கூட மணிக்கு 360 பேர்தான். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் கரோசல் ஆஃப் ப்ராக்ரஸில் ஒரு அரங்குக்குச் சுமார் 240 இருக்கைகள். நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அரங்கு நிரம்புகிறது என்றால் மணிக்கு மூவாயிரத்தைத் தாண்டும். முன்னதன் வாசலில் இருநூறு பேர் நின்றால் அரை மணிக்கு மேல் ஆகும். பின்னதில் அதே இருநூறு பேரும் அடுத்த ஆட்டத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வரிசை நீளத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருக்கைக்கும் வரிசைக்கும் உள்ள சம்பந்தம் மட்டும் தப்பாது.

கரோசல் ஆஃப் ப்ராக்ரஸிலிருந்தே தொடங்கலாம். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காக டிஸ்னி செய்துகொடுத்த நாடகம் இது. பிறகு கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்குப் போய், 1975இல் இங்கே வந்தது. நம் நாடகங்களில் திரை விழுந்து மேடை மாறும். இங்கே மேடைகள் அசையாமல் நடுவில் நிற்க, ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் கொட்டகையே அவற்றைச் சுற்றி நகர்கிறது. ஆறு அரங்குகள் வட்டமாக இருக்கின்றன. ஏற ஒன்று, இறங்க ஒன்று, நடுவில் நான்கு காட்சிகள். மொத்தம் 21 நிமிடம். நடிப்பது எல்லாம் இயந்திர பொம்மைகள்.

ஒரே குடும்பம், ஒரே சமையலறை, காலம் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. முதல் காட்சியில், புதிதாக வந்த துவைக்கும் இயந்திரத்தால் இரண்டு நாள் வேலை ஐந்து மணி நேரத்தில் முடிகிறது என்று பெருமை பேசுகிறார்கள். இரண்டாவது காட்சியில் ஓரமாகப் பாருங்கள்: ஆர்வில் என்ற மாமா குளியல் தொட்டியில் உட்கார்ந்து, ஐஸ் கட்டிக்கு முன்னால் மின்விசிறியை ஓடவிட்டுக் காற்று வாங்குகிறார். ஏர் கூலர் வாங்குவதற்கு முன்னால் நம் வீடுகளில் செய்யாத வேலையா? இப்படிப்பட்ட வேடிக்கைகள் மேடையின் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய திரைக்குப் பின்னால் விளக்கெரிந்து தெரியும். அதனால் நடு வரிசையில் நடு இருக்கைகளைப் பிடியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கோணலாகத்தான் தெரியும்.

கடைசிக் காட்சிதான் இதன் பலவீனம். 'எதிர்காலம்' என்று காட்டுவது 1990களில் கற்பனை செய்த எதிர்காலம். லேசர் டிஸ்க்கையும் கார் ஃபோனையும் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அதே காட்சியில் ஒன்று இன்றும் பொருந்துகிறது. குரலுக்குக் கட்டுப்படும் அடுப்பில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும். பாட்டி கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடுவாள். பாட்டி எடுத்த 975 புள்ளிகளை யாரோ உரக்கச் சொல்ல, அடுப்பு அதைத் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு 975 டிகிரிக்குப் போய்விடும். வான்கோழி கரி. டிவியில் யாரோ பேசியதைக் கேட்டுப் பதில் சொல்லும் ஸ்பீக்கர் வீட்டில் இருந்தால், இந்த இடத்தில் உங்களுக்குக் கூடுதலாகவே சிரிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் எழுந்து வெளியே போக முடியாது. யாராவது எழுந்தால் சுழற்சி நிற்கும். நின்றால் அதே காட்சி மறுபடி முதலிலிருந்து ஓடும், அதே பாட்டோடு. குழந்தையை பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு உள்ளே வாருங்கள்.

இன்னொரு விஷயம் மொழி. இங்கே வரும் நம் தாத்தா பாட்டிகள் பலருக்கு அமெரிக்க ஆங்கிலம் காதில் ஏறாது. கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ் வசனத்தில் ஓடும் நாடகம். பொருட்களைப் பார்த்தே பாதி புரியும், மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்லலாம். மான்ஸ்டர்ஸ் இன்க் லாஃப் ஃப்ளோர் என்ற நகைச்சுவைக் காட்சியில் அதுவும் முடியாது. முழுக்க ஆங்கிலச் சிலேடையும், பார்வையாளர்களை கேமராவில் பிடித்துக் கிண்டல் செய்வதும்தான். மொழி புரியாதவர் முகம் பெரிய திரையில் வந்தால் அவருக்குத்தான் சங்கடம். அப்படிப்பட்டவர்களோடு போனால் அதை விட்டுவிடுங்கள்.

மொழியே தேவைப்படாத இடம் பீப்பிள்மூவர். கீழேயிருந்து பார்த்தால் தலைக்கு மேலே ஏதோ ரயில் பெட்டி மெதுவாகப் போவதுபோலத் தெரியும். முதல்முறை வருபவர்கள் அதைப் போக்குவரத்து வசதி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சுமார் பத்து நிமிடப் பயணம், உயரக் கட்டுப்பாடு கிடையாது, எதிரெதிரே உட்கார்ந்து குடும்பமாகப் போகலாம். 1975இலிருந்து ஓடுகிறது. பெட்டியில் மோட்டாரே இல்லை. தடத்தில் பதித்த மின்காந்தச் சுருள்கள்தான் பெட்டியை இழுத்துத் தள்ளுகின்றன. அதனால்தான் அவ்வளவு அமைதி. வழியில் வால்ட் டிஸ்னி கனவு கண்ட எப்காட் நகரத்தின் மாதிரி ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் வரும். பிறகு ஸ்பேஸ் மௌன்டனின் இருட்டுக்குள் புகுந்து போகும். உள்ளே ரோலர் கோஸ்டர் பழுதாகி விளக்குப் போட்டிருந்தால் அதிர்ஷ்டம். எவ்வளவு நெருக்கமாகத் தண்டவாளங்கள் பின்னிக் கிடக்கின்றன என்று முழுதாகப் பார்க்கலாம்.

சிக்கல் ஏறும் இடத்தில்தான். மேலே போவது நகரும் சரிவுப் பாதையில். ஏறும் தளமும் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். எஸ்கலேட்டரில் கால் வைக்கத் தயங்குபவரை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியோடு போக முடியாது. நடந்து ஏறக்கூடியவராக இருக்கவேண்டும். முழங்கால் சிகிச்சை முடிந்த கையோடு வந்திருப்பவருக்கு இது வேண்டாம். கரோசல் ஆஃப் ப்ராக்ரஸில் அந்தத் தொல்லை இல்லை, நாற்காலியிலேயே இருந்து பார்க்கலாம்.

ஹால் ஆஃப் பிரெசிடென்ட்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க ஜனாதிபதிகள் எல்லாரும் இயந்திர பொம்மைகளாக ஒரே மேடையில் நிற்பார்கள். பெயர் சொல்லும்போது தலையசைப்பார்கள்; மற்ற நேரத்தில் சும்மா நிற்பவர்கள்கூடக் கையை அசைத்துக்கொண்டு, பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அதைக் கவனியுங்கள். இங்கேயே பள்ளி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் போகலாம். மற்றவர்களுக்கு 25 நிமிட ஏசி, மெத்தை இருக்கை. சாப்பிட்டுவிட்டுப் போனால் தூக்கம் நிச்சயம், அதில் தப்பும் இல்லை.

சாப்பாடு என்றதும் ஒன்று: வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும்தான் கூடாது. புளியோதரை, தயிர் சாதம் கட்டிப் போகலாம். கவுன்டர் உணவகங்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசு வாங்காமல் தருவார்கள்.

மிக்கிஸ் ஃபில்ஹார்மேஜிக்கை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்றே புரியவில்லை. 3டி படம், 12 நிமிடம், சுமார் 46 மீட்டர் அகலத் திரை. டொனால்ட் வாத்து மந்திரத் தொப்பியோடு மல்லுக்கட்டிப் பாட்டுக்குப் பாட்டு தாவுகிறது, வசனம் குறைவு. முகத்தில் நீர்த்துளி தெறிக்கும், பலகாரக் காட்சியில் பலகார வாசனை வரும். கண்ணாடியைப் பிடுங்கிப்போடும் வயதுக் குழந்தை தவிர எல்லாருக்கும் சரி. நீண்ட வரிசையைத் தவிர்க்கக் காசுக்கு விற்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸ் பட்டியலில் இதன் பெயரும் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் இடங்களை இதற்குச் செலவழிக்காதீர்கள். சாதாரண வரிசையிலேயே அடுத்த காட்சிக்குள் போய்விடலாம்.

என்சான்டட் டிக்கி ரூம், பாடும் கிளிகள். மூலம் 1963இல் டிஸ்னிலேண்டில் வந்தது. இயந்திர பொம்மைகளை வைத்து டிஸ்னி முதன்முதலில் நடத்திய காட்சி அதுதான். நடுவில் இடி மின்னல் முழங்கி விளக்கு அணையும். இருட்டுக்கு அழும் குழந்தை என்றால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கரடிகள் பாடும் கன்ட்ரி பேர் காட்சியும் அதே ரகம். 2024இல் பழைய பாட்டுகளை எடுத்துவிட்டு டிஸ்னி படப் பாட்டுகளை கன்ட்ரி இசையில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு தெரிந்திருக்கும் என்பதால் முன்னைவிட இப்போது தேவலாம்.

மரத்தின் மேல் வீடான ஸ்விஸ் ஃபேமிலி ட்ரீஹவுஸ் முழுக்கப் படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது, ஒருவழிப் பாதை, நடுவில் திரும்ப முடியாது. பெரியவர்களைக் கீழே நிழலில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறலாம். மூங்கில் குவளைகள் கட்டிய சக்கரம் ஒன்று தண்ணீரை மொண்டு மேலே கொண்டுபோய் வாய்க்காலில் ஊற்றும். ஏற்றம் இறைத்ததைக் கண்ணால் கண்ட தாத்தா அதைக் கீழே நின்றே பத்து நிமிடம் ரசிப்பார்.

இப்போது தாண்டவேண்டிய இரண்டு. டுமாரோலேண்ட் ஸ்பீட்வே: பெட்ரோல் எஞ்சின் குட்டிக் கார்கள். பெயரில்தான் ஸ்பீடு. 81 செ.மீ. உயரம் இருந்தால் உட்காரலாம், தனியாக ஓட்ட 137 செ.மீ. வேண்டும். பிரேக் கிடையாது, ஒரே மிதிதான். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். அந்த மிதி கெட்டி, சின்னப் பிள்ளைகளின் கால் எட்டாது. அப்பா குனிந்து அழுத்த, பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்ப, நடுவிலிருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் சக்கரம் இடித்து இடித்துத் தோளை உலுக்கும். முடியும் இடத்தில் முன் கார்கள் காலியாகும்வரை புகைக்கும் வெயிலுக்கும் நடுவே காத்திருக்கவேண்டும். பெரியவர்களுக்கு இடுப்புவலி, ஆஸ்துமா இருந்தால் கிட்டவே போகவேண்டாம். கார் என்றால் உயிரைவிடும் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால், காலையில் திறந்தவுடன் ஒரு ரவுண்டு, அவ்வளவுதான்.

மற்றது மேலே கணக்குப் போட்ட ஆஸ்ட்ரோ ஆர்பிட்டர். வரிசை முடிந்ததும் லிஃப்டுக்கு இன்னொரு வரிசை. குறுகலான ராக்கெட்டில் ஒருவர் பின் ஒருவராக, கிட்டத்தட்ட மடியில் உட்காரவேண்டும். சுற்றுவது ஒன்றரை நிமிடம் போல. இதே மாதிரி மேலும் கீழும் ஏறி இறங்கும் டம்போ யானை ஃபேன்டசிலேண்ட் பகுதியில் இரண்டு வட்டமாக ஓடுகிறது, ஏறுவதும் சுலபம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் கிட்டே வந்தால் ஸ்பீட்வே, டம்போ, ஆஸ்ட்ரோ ஆர்பிட்டர், மைன் ட்ரெய்ன் எல்லாம் நின்றுவிடும், வெளியே நின்ற ஜனம் முழுக்க உள்ளரங்குகளுக்கு ஓடிவரும். காலியாகக் கிடக்கும் ஃபில்ஹார்மேஜிக்கில் வரிசை நிற்பது அப்போதுதான். வானம் கறுக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பெரிய ரைடுகளைக் காலை முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்து, பன்னிரண்டிலிருந்து நாலு வரை மேலே சொன்ன ஏசி அரங்குகளுக்கு ஒதுக்கினால் வெயிலும் மழையும் சேர்ந்தே கழிந்துவிடும். இவற்றில் ஏதாவது ஒன்று புதுப்பிப்புக்காக மூடியிருப்பது சகஜம். கிளம்பும் அன்று காலையில் டிஸ்னியின் மொபைல் ஆப்பைத் திறந்து பாருங்கள்.

மாலையில் கால் ஓய்ந்தபின் ரயில். நான்கு நீராவி எஞ்சின்களும் 1916க்கும் 1928க்கும் இடையில் பால்ட்வின் கம்பெனி செய்தவை. மெக்ஸிகோவின் யுகாட்டானில் ஓடிக் களைத்து ஒதுக்கப்பட்டவற்றை 1969இல் வாங்கிவந்து புதுப்பித்தார்கள். பூங்காவைச் சுற்றிவர 20 நிமிடம். ஸ்ட்ரோலரை மடித்துத்தான் ஏற்றவேண்டும், அதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும்.

கோட்டைக்குப் பின்னால் இருக்கும் குதிரை ராட்டினம் இந்தப் பூங்காவைவிட மூத்தது. 1917இல் செய்த ராட்டினம், நியூஜெர்சியில் ஒரு பழைய பூங்காவிலிருந்து 1967இல் வாங்கியது. குதிரைகளில் ஒன்றின் வாலில் மட்டும் தங்கநிற நாடா கட்டியிருக்கும். அதுதான் சின்டெரெல்லாவின் குதிரை என்று சொல்வார்கள். பேத்தி அதில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்தால், வேறு யாரும் பிடிப்பதற்குள் ஓடவேண்டாம். இரண்டு நிமிடத்தில் அடுத்த சுற்று வந்துவிடும்.