ஊரறியச் சொல்வதா, நேரம் குறிப்பதா?

நாகர்கோவில் பக்கம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இரண்டு வழிகளைப் பார்க்கிறேன். ஒன்று, "இந்த முறை பாஸ் ஆகியே தீருவேன்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு இறங்குவது. இன்னொன்று, "காலையில் சாயா குடித்ததும் மாடியில் கணக்கு" என்று நேரத்தையும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்வது.

சொன்னவுடன் ஒரு தெம்பு வரும். சிக்கலும் அங்கேதான். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் உறுதியைப் பிறர் அறிந்துகொண்ட சட்ட மாணவர்கள் அதற்கான வேலையில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். கிடைத்த அங்கீகாரமே பாதி வென்றுவிட்ட நிறைவைத் தந்துவிடுகிறது.

நேரம் குறிப்பது முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு மனசு வருகிறதா என்று யோசிக்க வேண்டியதில்லை. சாயா முடிந்ததா, புத்தகத்தைத் திற. எனக்கு இதுதான் பிடித்த வழி. லண்டனில் 96 பேர் கலந்துகொண்ட ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஏறத்தாழ 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்துக்கு இது பெரிய ஆறுதல். சங்குத்துறை கடற்கரையில் காலை நடைக்குப் போகிறவர்கள் மழையில் ஒரு நாள் தவறினால், மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்பினால் போதும்.

சரி, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டுமா? வாரந்தோறும் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கிற ஓர் அக்காவிடமோ கூட்டாளியிடமோ சொல்லுங்கள்.